குளியலறை ஜன்னலில் என் நுரையீரல்

புற்றுநோய்க்காக என் இடது சிறுநீரகத்தை எடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. தாம்பரத்தில் எடுத்த ஸ்கேனில், வலது நுரையீரலில் நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன முடிச்சு இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது ஐந்து.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அளவீட்டுப் பிழை பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறவன். அதெல்லாம் மறந்துபோய், பெருங்களத்தூர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதே வேகத்தில் போனால், பத்து வருடம் கழித்து நான் ஓய்வு பெறும்போது அது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிடும். மனைவியிடம் காட்டினேன்.

“ரிட்டயர் ஆவீங்கன்னு கணக்குல வெச்சிருக்கீங்களே, அது போதும்” என்றாள்.

மருத்துவர் இளம்பெண். இரண்டு ஸ்கேனையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, வளரவில்லை என்றார். அளந்த ஆள் வேறு, ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரத்தான் செய்யும். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த மார்பு ஸ்கேன் கிடைத்தால் இன்னும் தைரியமாகச் சொல்லலாம் என்றார். அந்த ஸ்கேனோடு கொடுத்திருந்த சி.டி. கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. ரிப்போர்ட்டிலும் முடிச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. முடிச்சு அப்போதே இருந்ததா என்று படத்தையே பார்க்க வேண்டும் என்றார்.

மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஃபிலிம் இருக்கு டாக்டர். பாத்ரூம் ஜன்னல்ல.”

ஜன்னலின் கண்ணாடி ஒன்று உடைந்து புறா உள்ளே வந்துகொண்டிருந்ததாம். அளவாக இருக்கிறதே என்று ஃபிலிமை வைத்து டேப் ஒட்டிவிட்டாளாம். இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் என் நுரையீரலின் எதிரே நின்று குளித்திருக்கிறேன். கறுப்புப் பிளாஸ்டிக் என்றே நினைத்திருந்தேன்.

அதைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, பையில் அடங்காததால் துண்டில் சுற்றி மறுநாள் பஸ்ஸில் எடுத்துப் போனோம். பக்கத்தில் நின்றவர், “இன்னா சார், சாமி படமா?” என்று கேட்டு ஒதுங்கி இடம் விட்டார். நான் மறுக்கவில்லை.

மருத்துவர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் தேடிய இடத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முதல் புள்ளியைத் துடைத்தார், போய்விட்டது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதை அழுத்தித் தேய்த்தார். மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அது போகக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். உடம்பில் முடிச்சு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

“இது புறா இல்ல சார்,” என்றார் மருத்துவர். “அப்பவே இருந்திருக்கு. இதே சைஸ்.”

புற்றுநோய் பரவியிருந்தால் இத்தனை நாளில் பெரும்பாலும் வளர்ந்திருக்கும், எப்போதோ வந்த கிருமித் தொற்றின் தழும்பாக இருக்கலாம் என்றார். முழு உத்தரவாதம் தர முடியாது, ஒரு வருடம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

“பழசுன்னு எழுதிக் குடுங்க டாக்டர்” என்று மனைவி கேட்டாள். அவரும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து மருந்துக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சீட்டைப் படித்துப் படித்து அழுதாள். ஆபரேஷன் அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.