கடைசிக் குழாயின் அளவு

குடிநீர் வாரியத்தில் அவளுக்குச் ‘சொட்டு அக்கா’ என்று பெயர். தினமும் காலையில் இருபது தெருக்குழாய்களில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்ப்பது அவள் வேலை. மஞ்சள் தெரிந்தால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். தெரியாவிட்டால் உடனே சொல்லி வால்வை அடைக்க வேண்டும். ஆற்றிலிருந்து இறைத்து, மணலில் வடிகட்டி, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி அத்தனை பேர் படும் பாடும் கடைசியில் அவள் கண்ணை நம்பித்தான் இருந்தது.

இருபதாவது குழாய் மேட்டுத்தெருக் கோடியில். நாற்பது நிமிட நடை. மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால் குளோரின் அளவு என்றைக்கும் அதே 0.3 தான். அதனால் வெயில் கொளுத்தினால் அந்தக் குழாயை மட்டும் ஆபீசில் உட்கார்ந்தபடியே எழுதிவிடுவது அங்கே பழக்கம். ‘ஞானக்கண்ணால பாத்தாச்சு’ என்று சிரித்துக்கொள்வார்கள். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அவளும் மூன்று நாள் ஞானக்கண்ணால் பார்த்தாள்.

நாலாம் நாள் கோடி வீட்டின் நாலு வயதுப் பெண் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். விசாரிக்க வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். மூன்று நாளும் 0.3. தண்ணீரில் குற்றமில்லை, வீட்டில் குடத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வேறு வேலைக்காகத் தோண்டியவர்கள் அந்த வீட்டு வாசலில் குழாய் விரிசல் விட்டுச் சாக்கடை கலந்திருப்பதைப் பார்த்துச் சத்தமில்லாமல் அடைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அது தெரிந்தும் சொட்டு அக்கா வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஊர் காறித் துப்பும் என்று பயந்தாள். அதற்கு நல்ல பெயர் ஒன்றும் வைக்க வேண்டாம், பயம்தான். அதன்பிறகு ஒருநாள்கூடக் கடைசிக் குழாய்க்குப் போகாமல் இருந்ததில்லை. போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் குடம் தேய்க்கும் சத்தம் கேட்கும். வரக் வரக்கென்று அதே சத்தம் அவள் வீட்டுச் சமையலறையிலும் கேட்கத் தொடங்கியது. போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். “எலியா இருக்கும், விடு” என்பார் கணவர். எலி குடமா தேய்க்கும்?

போன வாரம் அந்தக் குழந்தையின் தாய் ஒரு புதுக்குடத்தோடு வெளியே வந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

“அக்கா, இது ஒம்பதாவது குடம். மூணு தடவ தேச்சிட்டேன். இதுலயும் சொட்டு விட்டுப் பாருங்களேன்.”

விட்டாள். மஞ்சள் வந்தது. “சுத்தமா இருக்கும்மா.”

“அன்னைக்கும் நீங்க பாத்தப்போ குழாயில இப்படித்தான் வந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு வருடமாகப் பதிவேடு சொல்வதும் அதுதானே.

“நான் பாக்கல” என்றாள். “அந்த மூணு நாளும் நான் இங்க வரவே இல்ல. சும்மா எழுதுனேன். பைப்பு வெடிச்சு சாக்கடை கலந்திருக்கு. உன் குடத்து மேல தப்பே இல்லம்மா. எல்லாம் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்.”

தாய் குடத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சொட்டு அக்கா காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

“அன்னைக்குக் காலையிலயும் நான் கழுவுனேன்” என்றாள் அந்தத் தாய் மெதுவாக. “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. யாரும் நம்பல. அப்புறம் நானே நம்பல.”

பிறகு சொட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

“உள்ள வாங்க. அவரு இருக்காரு. அன்னையிலருந்து என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. இப்பச் சொன்னத அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க.”