யார் கற்றுக்கொடுத்த விளையாட்டு

அந்த மூடியைப் பிடுங்கியது நான்தான். நான்கு வயதுப் பெண்குழந்தை, தரையில் குப்புறப் படுத்தபடி ஒரு எவர்சில்வர் டப்பாவின் மூடியைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டு வழியாகப் பயிற்சி தருவதற்காக, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்த ஒரு மையம் என்னை அங்கே அனுப்பியிருந்தது. எதையாவது சுழற்றினால் வாங்கி ஒளித்துவிட வேண்டும், முகத்தைத் திருப்பி நம் கண்ணைப் பார்க்கவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதையே செய்தேன். குழந்தை தலையைத் தரையில் மோதிக்கொண்டு அலறினாள்.

மகுடஞ்சாவடியைத் தாண்டிய ஒரு ஓட்டு வீடு அது. அப்பா போர்வெல் லாரியோடு வெளிமாநிலம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அம்மா வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை கோக்கிறவர். அன்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மகளின் தலைக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கொடுத்தார். அழுகை அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், அவ வெளையாடறதெப் புடுங்கி வெச்சுக்கிட்டு வெளையாடு வெளையாடுன்னா, புள்ளை என்னங்க பண்ணும்?”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவளிடம் இவர் கேள்வி கேட்பதா என்ற கோபம். அவரோ இன்னொரு மூடியை எடுத்துவந்து மகளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துத் தானும் சுழலவிட்டார். கூப்பிடவில்லை, தொடவில்லை. தினமும் அப்படியே செய்தார். சோறாக்குகிற நேரத்தில் மூடி சுற்றிக்கொண்டு கிடக்கிறாள் என்று கொழுந்தனார் ஊரெல்லாம் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம், அம்மாவின் மூடி ஓய்ந்து விழுந்ததும் குழந்தை அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். இன்னொரு தரம் சுற்று என்று அர்த்தம். அதுவரை அவள் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அதன்பிறகு அம்மா மூடியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, “சுத்தட்டுமா சாமி?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அப்படிக் காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சில மாதங்களில் “சுத்து” என்ற சொல் வந்தது. நான் அதைக் கைபேசியில் படம்பிடித்து மையத்துக்கு அனுப்பினேன்.

மையத்தின் ஆண்டு விழாவில் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்கள். தாயையும் மகளையும் வரவழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கும் எங்கள் பயிற்றுநர் இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார் என்று நிர்வாகி பேசினார். என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். கைதட்டல் தாங்காமல் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். “பாப்பாவை வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, நிகழ்ச்சி நடக்குதில்ல” என்றார் ஒரு ஊழியர். நிகழ்ச்சியே அவளைப் பற்றியதுதான். இருவரும் வெளியே போவதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என்மேல்தான் முதலில் ஆத்திரம் வருகிறது.

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சலங்கை கோப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “சால்வெ உங்களுக்கே இருக்கட்டுங்க டீச்சர். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, எழுதப் படிக்கத் தெரியும்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க.”

சொன்னேன். நிர்வாகி சிரித்தார். “இதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க” என்றார். இரண்டு மாதத்தில் அங்கிருந்து விலகிவிட்டேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பத்து வயது. ஊர் அரசுப் பள்ளிக்குப் போகிறாள், குறைவாகப் பேசுகிறாள், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறாள். நான் இன்று தனியாகப் பயிற்சி தர எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் சில நாள் குழந்தையிடமிருந்து எதையும் வாங்குவதில்லை, பக்கத்தில் போய் உட்காருகிறேன், அவ்வளவுதான். போன மாதம் அந்த மையத்திலிருந்து என்னிடம் மாறி வந்த ஒரு தாய் சொன்னார், புதிதாகச் சேர்கிற பெற்றோருக்கு அந்தப் படத்தை இன்னும் போட்டுக் காட்டுகிறார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்றே சொல்லித்தான் காட்டுகிறார்களாம்.