குகனுக்குத் திதி குறித்த மென்பொருள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எந்தக் கிழமை, எத்தனை மணி, பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். நீங்களும் என்னிடம் அதையே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எல்லாம் டைரியில் இருக்கிறது. நடந்தது பட்டப்பகலில். இப்போது நினைத்தாலும் பயத்தைவிட அருவருப்புதான் முதலில் வருகிறது.

எங்கள் குடும்பத்தின் பிறப்பு இறப்புகளைக் குறித்து வைப்பது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. தைப்பூசத்துக்கு மறுநாள் ஒரு உறவுக்காரர் தம்ப் டிரைவில் ஒரு மென்பொருள் கொடுத்தார். இறந்த தேதியைப் போட்டால் வருஷா வருஷம் திதி என்றைக்கு வருகிறது, கடமை செய்பவர் யார் என்று காட்டும். நான் என் வழக்கப்படி உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்து முழுக் குடும்பத்தையும் ஏற்றிவிட்டேன், இறந்த தேதியைக் காலியாக விட்டு. அந்தச் சனியன் காலி இடத்திலெல்லாம் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டு, என்னையும் சேர்த்துப் பதினேழு பேரைக் கொன்றுவிட்டது. தப்பு என்னுடையது, உட்கார்ந்து ஒவ்வொருவராக அழித்தேன்.

மறுநாள் காலை திரையின் மூலையில் ஒரு கார்ட்டூன் காக்கை. சோற்றைக் கொத்திக் கொத்தித் தலையாட்டியது. பக்கத்தில் ஒரு அட்டை: "குகன். தேய்பிறை நவமி. இன்னும் ஏழு நாள். கடமை செய்பவர்: மகன் சிவஞானம்."

குகன் என் அக்காவின் ஒரே மகன். கல்யாணம் ஆகாதவன். பதினான்கு வருஷத்துக்கு முன் வேலைக்கென்று ஜொகூர் போனான், போன் நின்றது, போலீசில் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. அவன் எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அக்கா நடமாடுகிறார், அவன் பிறந்தநாளுக்கு இன்றும் பாயசம் வைக்கிறார். சிவஞானம் என்பது காலமான அத்தானின் பெயர். தகப்பனை மகனாக்கிக் குழப்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் காலி இடத்தால் வந்த பிழை என்றால் மற்றவர்களுக்குப் போல நான் ஏற்றிய நாளின் பிரதமையல்லவா வந்திருக்க வேண்டும், நவமி எங்கிருந்து வந்தது?

அக்கா தினமும் மாலையில் தேவாரம் கேட்பது இதே கம்ப்யூட்டரில்தான். அவர் கண்ணில் அது படக்கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றே.

அன்இன்ஸ்டால் கொடுத்தேன். "நீக்கப்பட்டது, நன்றி" என்று நாதஸ்வரத்தோடு சொன்னது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் அதே காக்கை. ஃபோல்டரைத் தேடி அழித்தேன், ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் இருந்த வரியையெல்லாம் அழித்தேன், அது தலையாட்டிக்கொண்டே இருந்தது. சோற்றுப் பானையில் பல்லி எச்சத்தைத் துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தால் எப்படிக் குமட்டும், அப்படி. மவுஸைத் தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், நம்பினால் நம்புங்கள்.

"கெட்டுப்போச்சு" என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

"நாள் முழுக்க அதுக்கு முன்னால இருக்கிறாய். எனக்கு மட்டும்தான் கெட்டுப்போச்சோ?" என்றார்.

நான்காம் நாள் பாயான் பாருவில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழுது பார்க்கிற மோகன் அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுச் சிரித்தார்.

"சோறு போட்டுப் பழக்கிட்டீங்க அங்கிள், போக மாட்டேங்குது. டிஸ்க்கையே மாத்திருவோம் லா."

புது டிஸ்க், புது விண்டோஸ். என் குறிப்புகளைக்கூட ஏற்ற விடவில்லை நான். பழைய டிஸ்க்கை என் கண் முன்னாலேயே மோகன் துளை போட்டு உடைத்தார். கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

நவமியன்று காலை ஒன்பதே கால். பசாரிலிருந்து மீன் வாங்கி வருகிறேன், அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் காக்கை. கொத்தவில்லை, சும்மா நின்றது. அட்டையில் "இன்று."

"இதைத்தானோ ஒளிச்சு வைச்சனி?"

"அது பிழையக்கா. அத்தான்ர பேரைப் பார், மகன் எண்டு போட்டுக் கிடக்கு."

"பிழையில்லை," என்றார். "பிள்ளைக்குத் தாத்தான்ர பேர்தானே வைப்பினம். குகன் வேற என்ன பேர் வைப்பான்?"

அவர் அழவில்லை. தலை முழுகிவிட்டு வந்து சமைத்தார். என் மீனைத் தொடவில்லை. ஒரு இலையில் சோறு வைத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். பதினான்கு வருஷமாக யார் சொல்லியும் அவர் செய்யாதது அது. ஒரு மலிவான கார்ட்டூன் சொன்னதைக் கேட்டு ஒரு தாய் மகனுக்குப் படையல் வைப்பதா?

அதை ஒழித்துவிடலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தால் காக்கை இல்லை. மென்பொருள் பட்டியலில் அதன் பெயரும் இல்லை. நான் நீக்கவில்லை, அக்காவுக்கு நீக்கத் தெரியாது. மோகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இந்த டிஸ்க்கில அது ஏறினதே இல்ல அங்கிள்" என்றார், இந்த முறை சிரிக்காமல்.

போன வாரம் அக்கா ஒரு பையனுக்குச் சட்டையும் காற்சட்டையும் வாங்கி வந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"சிவஞானத்துக்கு."

"அளவு எப்பிடித் தெரியும்?"

"அதிலதான் வயசு போட்டுக் கிடந்துதே தம்பி. பதினொண்டு."

அந்த அட்டையை நான் முதல் நாளே எழுத்தெழுத்தாக டைரியில் எழுதி வைத்தேன். நவமியன்று அவர் தோளுக்குப் பின்னால் நின்றும் படித்தேன். அதில் வயது இல்லை.