சோறு போட்டவர் பிடிக்க வேண்டும்

எங்கள் சந்தில் தெருநாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட வருகிறார்கள் என்றதும் ஒரு விதியும் கூடவே வந்தது. எந்த நாய்க்கு யார் சோறு போடுகிறாரோ அவரே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலையைக் கண்டால் மட்டாஞ்சேரி நாய்கள் கிடங்குகளின் இடுக்கில் புகுந்துவிடும், அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் வெளியே வராது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவள் எங்கள் வார்டின் சுகாதாரப் பணிப்பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். "சேச்சி, அந்தப் பழுப்பு நாய் நீங்க விளிச்சா மட்டும்தானே வரும்? வேற ஆருக்கும் அடங்காது" என்றாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கணவர் போய்ச் சேர்ந்தபின், மகள் துபாய்க்குப் போனபின், நான் கூப்பிட்டால் வருகிற ஜீவன் அது ஒன்றுதான். காலையில் படியில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் போடுவேன். தின்று முடித்த பிறகும் போகாது, என் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிடக்கும். நான் அதனிடம் ஊர்க்கதை பேசுவேன். பார்ப்பவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

முகாம் ஒரு சுக்குக் கிடங்கின் முற்றத்தில் நடந்தது. "வாடா" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு நேராக வந்தது, அசடு. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஊசி இறங்கியதுதான் தாமதம், ஒரே அலறல். திரும்பி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடிப்போயிற்று.

சுமை தூக்குகிற ஒருவர் மஞ்சள் பொடியைக் கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இந்த ஊரில் எந்தக் காயத்துக்கும் ஒரு மூட்டையைப் பிரித்துவிடுவார்கள். "ஐயோ சேட்டா, பொடி ஒண்ணும் வைக்கக் கூடாது! சோப்பு எடுத்துட்டு வாங்க" என்று பணிப்பெண் கத்தினாள். என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கையை ஓடுகிற தண்ணீரில் பிடித்துக் கால் மணி நேரம் கழுவினாள். யாராவது என் கையை இத்தனை நேரம் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறது போலும் என்று அவள் இன்னும் மெதுவாகக் கழுவினாள்.

அரசு மருத்துவமனைக்குத் தனியாகத்தான் போனேன். "கூட ஆரு வந்திருக்கு?" என்று நர்ஸ் கேட்டார். யாருமில்லை என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஊசி போட்டுவிட்டு, "மிச்ச ஊசியும் விடாம வந்து போட்டுக்கணும். நாயைப் பத்து நாள் கண்ணுல வச்சுக்கோங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா பயமில்லை" என்றார். ஓடிப்போனதை எங்கே போய்க் கண்ணில் வைப்பது?

தேடினேன். கடைத்தெரு, படகுத்துறை, தோப்பும்படி மீன் துறைமுகம் வரை நடந்தேன். ஊசி போட்டுக்கொண்ட மற்ற நாய்கள் மறுநாளே தமக்குச் சோறு போடுகிறவர் வாசலில் படுத்திருந்தன. நாய்க்கு நன்றி உண்டு என்கிறார்கள், ஞாபகமும் உண்டு என்று யாரும் சொல்வதில்லை. என் உயிரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது எங்காவது சுருண்டு செத்துக் கிடக்குமோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தோசை காக்கைக்குப் போயிற்று.

நர்ஸ் சொன்ன கெடு முடிந்த மறுநாள் காலை அதைப் பார்த்தேன். அடுத்த தெருச் சாயாக்கடையில், கடைக்காரர் போட்ட புரோட்டாவைத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தது, காதை மடக்கிக்கொண்டது, எழுந்துபோய் அவர் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

"பேடிக்காதீங்க சேச்சி, ஆரையும் ஒண்ணும் செய்யாது" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து பணிப்பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"நாய் இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா! இனி நிம்மதியா இருங்க சேச்சி" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு அதற்கப்புறம் நான் யாரோடும் பேசவில்லை.