நூலகத்தில் ஒரு பெனால்டி

சத்தம் போடாதீர்கள் என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். பாரிஸுக்கு வெளியே ஒரு சிறுநகரம், அதில் நகராட்சி நூலகம். யாராவது நாற்காலியை இழுத்தால்கூட உதட்டில் விரல் வைத்துக் காட்டுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை முற்பகலில், தத்துவப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்து நின்று, கைபேசியைப் பார்த்து, "யோவ், உனுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று அலறினேன். ஐம்பதைத் தாண்டிய ஆள். மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. குழந்தைகள் பகுதியில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

நூலகத் தலைவி மதாம் ஜீன் ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்றார். ஆத்திரத்தில் எனக்குப் பிரெஞ்சு வாக்கியமாக வராது. "அர்பித்ர்" என்றேன். நடுவர். "அடடா, நடுவரா இறந்துவிட்டார்?" "இன்னும் இல்லை" என்றேன். அவர் அதை மருத்துவமனைச் செய்தியாக எடுத்துக்கொண்டார். மாலையில் என் மேசைமீது எல்லோரும் கையெழுத்திட்ட ஆறுதல் அட்டை ஒன்று இருந்தது. எப்படி மறுப்பது என்று தெரியாமல் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கால்பந்து அணி முதன்முறையாக ஒரு போட்டியின் அரையிறுதிக்கு வந்திருந்தது. வில்லியனூர்ப் பக்கத்து மைதானம்; எதிரணி மூலக்குளம். போன வருடம் நான் இங்கிருந்து ஜெர்சி வாங்கி அனுப்பியதால் எனக்கு 'ஆலோசகர்' பட்டம் கட்டியிருந்தார்கள். அணி மேலாளர் என் சித்தப்பா மகன் அருள். அவன் மைதான ஓரத்தில் நின்று தன் கைபேசியில் நேரலை காட்டிக்கொண்டிருந்தான். திரையில் பாதி ஆட்டம், பாதி அவன் விரல். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவனுக்குக் குரல்செய்தி அனுப்பினேன்: "எல்லாரையும் பின்னால வரச்சொல்லு. முன்னால ஒருத்தனும் வேணாம்." பையன்கள் பின்னால் வந்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் படை நடத்தும் தளபதியைப்போல எனக்கு நெஞ்சு விம்மியது. அப்போதுதான் எங்கள் முன்கள ஆட்டக்காரன் மணியின் தோளில் பந்து பட்டது. தோளில்! நடுவர் கை என்று சொல்லிப் பெனால்டி கொடுத்தார். அது ஒரு கோல். நிலைகுலைந்து நின்றபோது இன்னொன்று. போட்டியிலிருந்தே வெளியேறிவிட்டோம்.

அன்றைக்கே அணியின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கியது. பாதிப்பேர் நடுவரைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. "பிரான்ஸ்ல உக்காந்துகினு ஆர்டர் போட்றவன் பேச்சக் கேட்டாக்கா இப்டித்தான்" என்றது ஒரு குரல். "ஜெர்சி குட்த்தா கோச்சா?" என்றது இன்னொன்று. விதிகளை மேற்கோள் காட்டி, தோளுக்கும் கைக்குமான எல்லையை விளக்கி, மூன்று நீண்ட பத்திகள் எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார். அப்புறம் மணியே எழுதினான்: "தோளுலதான்ணா பட்டுச்சி. ஆனா நீ பின்னால வரச்சொல்லாங்காட்டி நான் இன்னாத்துக்கு அங்க நிக்கப்போறேன்?" அதற்குக் கீழே அருள், என் சொந்தச் சித்தப்பா மகன், "ஆலோசகர மாத்திடலாமா?" என்று ஓட்டெடுப்பு வைத்தான். குழுவிலிருந்து வெளியேறினேன்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து இங்கே வந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஊரில் வீட்டை விற்றாயிற்று, ரேஷன் அட்டையில் பெயரை நீக்கியாயிற்று. அந்த ஊரில் என் பெயர் இன்னும் உச்சரிக்கப்பட்ட ஒரே இடம் அந்த அணிதான். அதையும் ஒரு பெனால்டி பிடுங்கிக்கொண்டது. பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டை உடைத்தேன். "தோத்தது பதினோரு பேரு. நம்ம வூட்ல எதுக்குத் தட்டு உடையுது?" என்றாள் மனைவி.

இங்கே ஓர் அணி தோற்றால் அந்தக் காட்சியைப் பல கோணங்களில் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். என் சக ஊழியர்கள் காப்பி தீரும்வரை கத்திவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். எனக்கு அந்தக் குலுக்கல் இன்னும் கைவரவில்லை. நான் ஊரில் ஆடிய காலத்தில் நடுவராக வந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். நியாயமான கோல் ஒன்றை அவர் மறுத்தபோது நாங்கள் சூழ்ந்துகொண்டு நெருங்கிப்போய்த் திட்டினோம். அவர் சைக்கிளில் காற்றையும் இறக்கினோம். மறுநாள் வீராம்பட்டினத்து மீன்காரம்மாவின் கூடைக்கு முன்னால் நானும் அவரும் அருகருகே குந்தியிருந்தோம். "அத்த எடுக்காதடா, நேத்தையது" என்றார் அவர். கோபம் அங்கேயே தீர்ந்தது. இப்போது என் கோபத்துக்கு முன்னால் கூடையும் இல்லை, ஆளும் இல்லை. விரல் மறைத்த ஒரு திரை மட்டும்.

ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போனேன். பாகூர்க் கடைத்தெரு டீக்கடையில் அருளும் மணியும் பிடிபட்டார்கள். சேமித்து வைத்திருந்த பதிவை நிறுத்தி, பெரிதாக்கி, தோளைக் காட்டினேன். என் திட்டத்தில் பிழையில்லை என்று தொடங்கியபோது மணி தலையைச் சொறிந்தான்.

"ணா, நீ மெசேஜ் போட்டதே எங்களுக்குத் தெரியாது. இவன் போன்ல லைவ் ஓடிகினு இருந்திச்சா? மேட்ச் முடிஞ்சி கோலி சோடா குடிக்கசொல்லத்தான் தொறந்து கேட்டோம்."

"அப்ப ஏன்டா எல்லாரும் பின்னால வந்தீங்க?"

"மூச்சு வாங்கிச்சி, வந்துட்டோம்."

ஓர் ஊரில் சாகாத ஆளுக்காக ஆறுதல் வாங்கியிருக்கிறேன். இன்னோர் ஊரில் யார் காதிலும் விழாத கட்டளைக்காகப் பழி சுமந்திருக்கிறேன். எழுந்த வேகத்தில் டீ சட்டையில் சிந்தியது. "தெரிஞ்சிகினேவா எம்மேல போட்டீங்க? பெனால்டி குட்த்தவன உட்டுட்டு?" என்று கத்தினேன். கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அருள் நிதானமாகக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"பின்ன யார் மேல போட்றது? ரெஃப்ரீய மொறச்சிகினா, அடுத்த வருசமும் அவருதான் வருவாரு. நீ வரப்போறியா இன்னா?"