சொன்னவள்

பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் எங்கள் கம்பெனி பேருந்தில் ஏறிய இரண்டு பேரில் ஒருவன் அக்காவின் தம்பி. கையில் பெட்ரோல் கேன் வைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முகம் இன்றும் மறக்கவில்லை.

"லீவு போடச் சொன்னேம்லா?" என்றான்.

"நீ எங்க வருவேன்னு சொல்லலியே தம்பி. அதான் நானும் வந்துட்டேன்," என்றாள் அக்கா.

அக்கா எனக்கு உறவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே லைன். அவளுடைய அப்பாவை ஏதோ திருட்டு வழக்கு விசாரணைக்கென்று ஊரில் போலீஸார் அழைத்துப் போனார்கள், பிணமாகத்தான் கொடுத்தார்கள். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனை வளர்த்தது அக்காவின் சம்பளம்தான்.

அவனும் வேலை தேடி இங்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவான். என் அம்மாவுக்கு மிக்ஸி ரிப்பேர் செய்து கொடுப்பான், கிண்டல் பேசுவான், இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிடுவான். பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவன் போனில் பேசிக்கொண்டே இருந்தான். அப்பாவைக் கொன்றவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது, தலைவர் சிறையில் இருக்கிறார், அவரை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சு. வெடி செய்யும் வீடியோவைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா ஒருநாள் கண்டுவிட்டாள்.

அப்பா இறந்த நாளிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறவள், அன்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். மேசையில் இருந்தவர் முழுதாகக் கேட்கவில்லை. "இன்னாமா, தம்பி போன் பாக்குறான்னு கூடவா கம்ப்ளைன்ட் குடுப்பாங்க? கல்யாணம் பண்ணி வை, சரியாப்பூடும்," என்றார். தம்பியின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கம்பெனியில் அக்கா சொன்னபோது, அவன் எங்கள் ஆள் இல்லையே என்று முடித்துவிட்டார்கள். கடைசியாக, பேருந்தில் அது நடந்த நாள் காலை, தம்பி லீவு போடச் சொன்னதும் பயந்துபோய் மறுபடி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. எங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் இருக்க முடியாமல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பேருந்தை வேறு பாதையில் திருப்பச் சொன்னார்கள். ஓட்டுநர் அண்ணன் மறுத்து, சாலையோரம் நிறுத்தி, சாவியை ஜன்னல் வழியே எறிந்தார். தம்பியோடு வந்தவன் அவர் கழுத்தில் கத்தியால் குத்தினான். நாங்கள் பெண்கள் எல்லாரும் இருக்கைகளுக்கு அடியில் ஒடுங்கினோம். அக்கா எழுந்து தம்பியைத் தாண்டி நேராக ஓட்டுநரிடம் போனாள். துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். வெளியே போலீஸ் வண்டிகள் சூழ்ந்துவிட்டன. தலைவரை விடுவிக்க வேண்டும் என்று கூட வந்தவன் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்து அக்கா திரும்பாமலேயே பேசினாள். "இவருக்கும் பிள்ளைக இருக்குல. அதுகளுக்கு யாருல போய் அப்பா செத்துட்டாருன்னு சொல்லுவா? நீ சொல்லுவியா?"

தம்பி கேனைக் கீழே வைத்தான். தடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டுப் பின்கதவைத் திறந்தான். நாங்கள் விழுந்தடித்து இறங்கினோம். அதற்குள் ஓட்டுநர் அண்ணனின் உயிர் போயிருந்தது. கடைசியாகத் தம்பி கையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். சுட்டுவிட்டார்கள். மற்றவனை உயிரோடு பிடித்தார்கள்.

தம்பியின் உடலை வாங்க அக்காதான் போனாள். அப்பாவின் உடலை வாங்கியதும் அவள்தான்.

விசாரணையில் அவளை நாள் முழுக்க உட்காரவைத்து, ஏன் முன்கூட்டியே தகவல் தரவில்லை என்று கேட்டார்கள். சொன்னதாக எந்தப் பதிவும் இல்லையாம். கூடப் போன நான் சாட்சி சொன்னேன். நான் அவளுடைய சிநேகிதி என்பதால் அது எடுபடவில்லை. எங்கள் தெருவில் அவளைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஓட்டுநரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அக்கா தலை குனிந்து நின்றாள்.

"முன்னாடியே சொன்னியாமே, நெசமா?" என்று கேட்டார் அவர்.

"சொன்னேன்."

"அப்ப என்கூட வா. கோர்ட்ல வந்து சொல்லு."

புகாரைக் கண்டுகொள்ளாத போலீஸார் மீது அவர் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவரும் ஒரே பேருந்தில் போய் வருகிறார்கள். புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனின் அக்காவோடு எப்படிப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் என் எதிரிலேயே அவரைக் கேட்டார்கள்.

"இத்தினி பேர்ல, என் வூட்டுக்காரர் சாவக்கூடாதுன்னு போய் சொன்னவ இவ ஒருத்திதான்," என்றார் அவர்.