பல் வைத்த தட்டு

சண்டைக்காரி என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரன் ஒருவன் அவள் தங்கையின் இடுப்பைக் கிள்ளிவிட்டு இளித்தான். இளித்து முடிப்பதற்குள், சிடி டப்பா நிரம்பிய அட்டைப்பெட்டி ஒன்று அவன் முகத்தில் இறங்கியது. முன்பல் ஒன்று தெறித்துப் போயிற்று. டப்பாக்களோடு டப்பாவாக அதைத் தேடிக்கொண்டு அவன் தரையில் தவழ்ந்ததை அந்த ஷெட்டில் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா கைநீட்டும் ஆள். அம்மா இருந்தவரை அம்மாவை அடித்தார், அம்மா போனபின் இவளை அடித்தார். தங்கையைப் பார்த்துக் கை ஓங்கிய அன்றைக்கு, கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுத்து அவர் முழங்காலில் போட்டாள். அதோடு அவர் கை அடங்கியது. காலும் அடங்கியது. கட்டிக்கொண்டவன் ஒருநாள் அறைந்தான், இவள் திருப்பி அறைந்தாள். அவன் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு போனவன்தான், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. அக்காவும் தங்கையுமாக ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே ஷெட்டில் வேலை என்று ஆகிவிட்டது. தங்கையோ வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். யாராவது அவளைத் திட்டினால் அவர்களுக்குத் தொண்டை வலிக்குமே என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற ரகம்.

அந்த ஷெட்டில் செய்தது சிடி டப்பா. நீங்களும் ஒன்றைக் கையில் எடுத்துத் திட்டியிருப்பீர்கள். மூடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் மூடி ஆடும். டப்பா ஒருமுறை கைதவறி விழுந்தால் போதும், முதலில் ஒடிவது அந்தக் காதுதான். அப்புறம் மூடி தனி, டப்பா தனி. உள்ளே ஒரு தட்டு. தட்டின் நடுவில், சிடியின் ஓட்டையைப் பிடித்துக்கொள்ள வட்டமாகப் பற்கள். பல் இறுக்கமாக இருந்தால், நடுவில் அழுத்தத் தெரியாதவன் சிடியை ஓரத்தில் பிடித்து இழுப்பான். சிடி வில்லாக வளைந்து கீறல் விடும். பல் தளர்வாக இருந்தால் வழியிலேயே சிடி கழன்று, டப்பாவுக்குள் உருண்டு தேய்ந்து உருப்படாமல் போகும். இறுக்கினாலும் குற்றம், தளர்த்தினாலும் குற்றம். இதை வரைந்த மகராசன் எவனோ, ஒரே ஒரு நாள் இந்த ஷெட்டுக்கு வந்து அச்சிலிருந்து நாலு தட்டைக் கையால் பிடுங்கிப் பார்த்திருந்தால் வேறு எதையாவது வரைந்திருப்பான். அவனுக்கென்ன, வரைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான்.

ஒருநாள் லாரி நிறைய சரக்கு திரும்பி வந்தது. பல் பிடிக்கவில்லை, சிடி எல்லாம் கழன்று கிடக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி ஒரு டப்பாவை எடுத்துச் சுவரில் அடித்தார். அது சில்லுச்சில்லாகச் சிதறியது. பிறகு அச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

"பல்லு நுனியில கொஞ்சம் உதடு வையி. சிடி கொக்கி போட்ட மாதிரி நிக்கணும்."

"உதடு வச்சா சிடி நிக்கும் முதலாளி. தட்டும் அச்சுலயே நின்னுடும். கீழ விழாது."

"விழலன்னா எடுத்துப் போடச் சொல்லு. கை எதுக்கு இருக்கு?"

ஃபிட்டர் அச்சைக் கழற்றப் போனார். அதற்குமேல் பேசினால் கன்னம் பழுக்கும் என்று அவருக்குத் தெரியும். முதலாளி கைக்கு வயசு வித்தியாசம் கிடையாது.

அந்த மிஷின் வேலை செய்யும் விதம் இதுதான். அச்சின் இரண்டு பாதிகளான இரும்புப் பாளங்கள் வந்து மூடும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும். கொஞ்சம் ஆறியதும் பாளங்கள் திறக்கும், தட்டு தானாகக் கழன்று கீழே விழும். உடனே திரும்ப மூடும். முன்னால் ஒரு தள்ளுகதவு உண்டு. கதவைத் திறந்தால் அடியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் விடுபட்டு மிஷின் நின்றுவிடும். யாரும் கையை விட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்தது.

உதடு வைத்த பிறகு தட்டு கீழே விழவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கதவைத் திறக்க வேண்டும், மிஷின் நிற்கும், தட்டைப் பிடுங்க வேண்டும், திரும்ப ஓட்ட வேண்டும். சரக்கு பாதியாகக் குறைந்தது. முதலாளி ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்தினார். மறுநாள் காலையில் எல்லோரும் வந்து பார்த்தபோது, அந்த ஸ்விட்சை அமுக்கிப் பிடித்தபடி செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கதவு திறந்து கிடந்தாலும் இனி மிஷின் நிற்காது. யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த மிஷினில் இருந்தவள் தங்கை.

"கைய உள்ள விடாதடி. குச்சியால தட்டு" என்றாள் சண்டைக்காரி.

குச்சியால் தட்டினால் பல் ஒடிந்தது. பல் ஒடிந்த தட்டுகளை முதலாளி எடுத்துத் தங்கையின் முகத்துக்கு நேரே விட்டெறிந்தார். ஒன்று புருவத்தைக் கிழித்தது. அன்றைக்கே சண்டைக்காரி சுத்தியலைத் தூக்கினாள். தங்கைதான் காலைக் கட்டிக்கொண்டு, "வேலை போயிடும்க்கா, விடு" என்று கெஞ்சினாள். குச்சியைப் போட்டுவிட்டுக் கையாலேயே எடுக்கப் பழகினாள்.

ஒரு மத்தியானம் தட்டு பாதிதான் வந்தது. பல் மூன்று ஒடிந்து அச்சிலேயே தங்கிவிட்டது. அப்படியே மூடினால் அச்சு நசுங்கும், நசுங்கினால் அவளைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில் இன்னொரு முறை கையை விட்டாள். பாளங்கள் மூடின.

பக்கத்து மிஷினில் இருந்த சண்டைக்காரி அந்த அலறலைக் கேட்டுத் திரும்பியபோது, தங்கை மிஷினோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். காலை உதைத்துக்கொண்டு, தலையால் இரும்பை முட்டிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் ஓடிவந்து அச்சைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் வாடையோடு சதை கருகும் வாடையும் கிளம்பிவிட்டது. அச்சு திறந்தது. கை வந்தது. நாலு விரல்கள் வரவில்லை, தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டு அச்சிலேயே நின்றுவிட்டன.

மறுநாள் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். கம்பியைக் காணோம். முதலாளி அவர் எதிரிலேயே கதவைத் திறந்து காட்டினார். மிஷின் கப்பென்று நின்றது.

"பாத்தீங்களா சார், கதவு தெறந்தா ஓடவே ஓடாது. அந்தப் பொண்ணுதான் ஸ்விட்சுல எதையோ செருகியிருக்கு. இதுங்களுக்கு எதுலயும் அவசரம் சார்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டரின் வண்டி தெருமுனை திரும்பியதும் கம்பி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அச்சைத் துடைத்து வேறொரு பெண்ணை அந்த மிஷினில் நிறுத்தினார்கள். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

இதெல்லாம் நடந்தபோது சண்டைக்காரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். செய்தியை ஃபிட்டர்தான் வந்து கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். கேட்டுக்கொண்டே படுத்திருந்த தங்கை, "முதலாளி சொல்றது சரிதானேக்கா. என் தப்புதான். நான்தான் பாத்துக் கைய விட்டிருக்கணும். என்னால உனக்கும் கஷ்டம்" என்றாள்.

விரல் போனதைக்கூடச் சண்டைக்காரி பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. கையையும் எடுத்துக்கொண்டு, பழியையும் அவள் தலையிலேயே கட்டி, அதை அவள் வாயாலேயே ஒத்துக்கொள்ளவும் வைத்துவிட்டார்களே. எத்தனை சொல்லியும் தங்கை கேட்கவில்லை. "நீ என் அக்கா, அப்படித்தான் சொல்லுவே" என்றாள். அப்படியானால் சொல்ல வேண்டிய வாய் வேறு என்று சண்டைக்காரிக்குப் புரிந்தது. எழுந்து நேரே ஷெட்டுக்குப் போனாள். ஃபிட்டரும் பின்னாலேயே போனார்.

முதலாளி அந்த மிஷின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். புதுப்பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, பல் ஒடிந்த தட்டை அவள் மூக்கில் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்து கிடந்தது. அச்சில் ஒரு தட்டு சிக்கியிருந்தது. சண்டைக்காரி போன வேகத்தில், தானாக ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் ஓடும்படி மாற்றினாள். பாளங்கள் திறந்தபடி நின்றன. அடுத்த நொடி முதலாளியின் பிடரியைப் பிடித்துக் கதவுச் சட்டத்தில் மோதினாள். அவர் மலை மாதிரி ஆள். முழங்கையால் அவள் வாயில் இடித்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவள் அவர் காதைக் கடித்தாள். அவர் அலறிக் குனிந்த சமயம் பார்த்து, வலது கையை முறுக்கித் தோள்வரை பாளங்களுக்கு நடுவில் செருகி, தன் முழு உடம்பையும் அவர்மேல் சாய்த்து அழுத்திக்கொண்டாள். அவளுடைய கட்டைவிரல் அச்சை மூடும் பொத்தான்மேல் இருந்தது.

முதலாளியின் தம்பி இரும்புக் கம்பியோடு பாய்ந்து வந்தான்.

"ஒரு அடி எடுத்து வச்சே, அமுக்கிடுவேன்" என்றாள். அவன் நின்ற இடத்தில் நின்றான்.

"தட்ட எடுங்க முதலாளி" என்றாள். "கை எதுக்கு இருக்கு?"

"பைத்தியக்காரி, விடுடி! டேய், மெயினை அணைங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. ஃபிட்டர் மெயினுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு அணைக்கணும்? கதவு தெறந்திருந்தா ஓடாதுன்னு நீங்கதானே இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்க. தெறந்துதான் இருக்கு. நான் அமுக்கினா ஒண்ணும் ஆகாதே?"

"அமுக்காதே! அமுக்காதே!"

"ஏன்?"

"கம்பி இருக்கு! கம்பி கட்டியிருக்கு!"

"எந்தக் கம்பி?"

முதலாளியின் இடது கை கதவுச் சட்டத்துக்கு அடியில் போயிற்று. அவர் குனிந்து பார்க்கவில்லை, தடவவும் இல்லை. கை நேரே அந்த முடிச்சுக்குப் போய் நகத்தால் பிராண்டியது. ஷெட்டே அதைப் பார்த்தது.

"யாரு கட்டினது?"

"நான்தான்! நான்தான்டி கட்டினேன்! விட்டுடு தாயே!"

மலை மாதிரி மனுஷன் குழந்தைபோல் விசும்பினார். பேன்ட் நனைந்துவிட்டது. சண்டைக்காரியின் கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்கவேண்டும்போல் இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. உள்ளே தெரிந்த அந்தக் கொழுத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நகர்ந்ததுதான் தாமதம், தம்பியின் கம்பி அவள் முதுகில் விழுந்தது. இன்னொரு அடி தோளில். கீழே விழுந்தவளை முதலாளி செருப்புக் காலால் முகத்தில் மிதித்தார். மூன்றாவது அடிக்குக் கம்பி உயர்ந்தபோது, மூக்கு சிவந்து நின்ற அந்தப் புதுப்பெண் ஒரு கூடை டப்பாவைத் தூக்கித் தம்பியின் தலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான், ஷெட் கிளம்பிவிட்டது. இத்தனை நாள் தலையைக் குனிந்திருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். மூடியும் தட்டுமாகப் பறந்தன. உடைந்த சில்லுகள் கண்ணாடி மாதிரி கிழித்தன. அண்ணனும் தம்பியும் ஆபீஸ் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்போது இருவர் சட்டையும் சிவப்பாக இருந்தது. ஃபிட்டர் சண்டைக்காரியைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நானே போய் சொல்றேன். அவர் வந்தப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள்.

அவள் அவர்களோடு போகவில்லை. ஒரு கண் மூடிக்கொள்ள, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலில் இருந்த நர்ஸ் இவளையும் படுக்கச் சொன்னாள். அப்புறம் பார்க்கலாம் என்று இவள் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

"அவன் வாயாலயே சொல்லிட்டான்டி" என்றாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் கட்டினேன்னு கத்தினான். எல்லாரும் கேட்டாங்க. உன் தப்பு இல்ல. உன் தப்பு எதுவுமே இல்ல."

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஏதோ மெல்ல மாறியது.

"அவனேதான் கட்டினானா?"

"அவனேதான்."

"அவன் கை உள்ள இருந்துச்சா?"

"தோள்வரைக்கும் இருந்துச்சு."

"உன் விரல் பொத்தான்மேல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் சண்டைக்காரி பார்த்ததே இல்லை.

"அப்புறம் ஏன்க்கா அமுக்கல?"

சண்டைக்காரி கிழிந்த உதட்டை முந்தானையால் துடைத்தாள்.

"சொல்லு. ஏன் அமுக்கல?"

நல்ல கையால் அக்காவின் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். பிறந்ததிலிருந்து ஒரு கொசுவைக்கூட அடித்துப் பழகாதவள். "ஏன் அமுக்கல, ஏன் அமுக்கல" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குத்து. கட்டுப்போட்ட கையையும் சேர்த்து ஓங்கி, வலியில் துடித்து, மறுபடியும் ஓங்கினாள். கம்பி பட்ட தோளிலும் அந்த அடிகள் விழுந்தன. வார்டில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். சண்டைக்காரி அவர்களைக் கையால் தடுத்தாள். தங்கைக்குக் கை ஓய்கிறவரை அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.